களிம்புக் குழாயில் இல்லாத அளவு

கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கதிர்வீச்சுப் பகுதிகளில் பணிபுரிவோர் மார்பில் ஓர் அளவுமானியை அணிந்துகொள்கின்றனர். உடல் பெற்ற கதிர்வீச்சு எவ்வளவு என்பதை அதைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். மருந்துக் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு களிம்புக்கோ இப்படி ஓர் அளவு இல்லை. பெட்டியிலும் உள்ளிருக்கும் சீட்டிலும் ‘மெல்லியதாகப் பூசவும்’ என்று, அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அச்சிட்டிருப்பதோடு சரி. இந்த அறிவுரை யாருக்குப் பயன்படுகிறது?

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே அஞ்ச வேண்டியதில்லை. நம் அட்ரீனல் சுரப்பிகள் அன்றாடம் சுரக்கும் ஹார்மோனின் உறவுப் பொருள்களே இவை. ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு தோல் நோய்களைத் தணிப்பதை சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1952இல் வெளியிட்டனர். விரிந்து சிவந்த நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் உருவாவதை இது தடுக்கிறது. கரப்பானாலும் சோரியாசிசாலும் அல்லற்படுவோருக்கு இது பெரும் வரம்.

எந்த மருந்து? எந்த இடம்?

ஆனால் ‘களிம்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் பல வீரியங்கள் ஒளிந்துள்ளன. குளோபெட்டசால், ஹைட்ரோகார்ட்டிசோனைப் போல் சுமார் 600 மடங்கு வீரியமுள்ளது. பூசும் இடமும் முக்கியம். ஃபெல்ட்மன், மைபாக் என்போர் 1967இல் ஹைட்ரோகார்ட்டிசோன் உட்புகுவதை அளந்தனர். முன்கையில் புகுவதை 1 எனக் கொண்டால், நெற்றியில் 6, தாடையில் 13, விதைப்பையில் 42, உள்ளங்காலிலோ 0.14 மட்டுமே. உள்ளங்காலுக்குப் பொருந்தும் களிம்பு முகத்திற்குக் கேடாகலாம். ‘மெல்லியதாக’ என்ற சொல் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

அஞ்சுவோரையும் அது ஏமாற்றுகிறது. குழந்தையின் கரப்பானுக்கு மருத்துவர் எழுதித் தந்ததைப் பட்டும் படாமலும் தடவிவிட்டு, “மருந்து கேட்கவில்லை” என்று கைவிடும் பெற்றோர் பலர். இதற்குத் தீர்வாக ‘விரல்நுனி அளவு’ என்ற எளிய கணக்கை லாங், ஃபின்லே என்போர் 1991இல் வெளியிட்டனர். வயது வந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய களிம்பு சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்திற்கு இது போதும். பெரியவரின் ஒரு காலுக்குப் பாதம் நீங்கலாக 6 அளவு, அதாவது 3 கிராம் வேண்டும். நாளுக்கு இருமுறை பூசினால் 15 கிராம் குழாய் இரண்டரை நாளில் தீர்ந்துவிடும்! ‘மெல்லியதாக’ என்று படித்தவர் அதை இரண்டு மாதம் வைத்திருப்பார்.

அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்

கோடையில் கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் போன்ற கடற்கரை ஊர்களில் வியர்வை எளிதில் காய்வதில்லை. படர்தாமரைக்கு ஏற்ற சூழல் இது. அதற்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு இரண்டே நாளில் அடங்கும். ஆனால் பூஞ்சையை ஸ்டீராய்டு கொல்வதில்லை. அதை எதிர்க்கும் தோலின் ஆற்றலையே தளர்த்துகிறது. வட்ட விளிம்பு மறைந்து, நோய் அடையாளம் தெரியாமல் பரவுகிறது. டெர்பினாபைன் மருந்துக்குப் பல வேளைகளில் அடங்காத ஒரு பூஞ்சைக்கு 2020இல் டிரைக்கோபைட்டான் இன்டோட்டினியே என்று பெயரிட்டனர். பெயரிலேயே இந்தியா இருப்பது நமக்குப் பெருமையல்ல.

மங்குக்கு மருத்துவர் சில வாரங்களுக்கென எழுதித் தரும் கூட்டுக் களிம்பை அழகு சாதனமாகப் பூசுவோரும் உண்டு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் வெளித்தெரிந்து, பருக்கள் கிளம்பும். நிறுத்தினாலோ முகம் எரிந்து சிவக்கும். அதைத் தணிக்க மீண்டும் அதே களிம்பைத் தேடுவர்.

சட்டம் செய்ததும் செய்யாததும்

அரசு வாளாவிருந்தது என்று கூற முடியாது. 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டின்றி விற்கக் கூடாதென மைய அரசு 2018 மார்ச்சில் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்த 328 கூட்டு மருந்துகளில் ஸ்டீராய்டோடு பூஞ்சைக் கொல்லியும் நுண்ணுயிர்க் கொல்லியும் கலந்த களிம்புகளும் இருந்தன. ஆனால் இவை விற்பனையைக் கட்டுப்படுத்துகின்றனவேயன்றி, வீட்டிற்கு வந்துவிட்ட குழாயைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, களிம்பின் வீரியத்தை மேலுறையிலேயே குறிக்குமாறு 2024இல் அறிவித்தது.

நம் பெட்டிகளில் நான்கு செய்திகளேனும் தமிழில் வேண்டும்: வீரியம், விரல்நுனி அளவின் படம், எத்தனை நாள், பூசக் கூடாத இடங்கள். அதுவரை இந்த நான்கையும் மருத்துவரிடம் கேட்டுக் குழாயின் மேல் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும் அக்குழாயை இரவல் தரலாகாது.