ஒரே தொப்பிக்கு இரண்டு தலைகள்

கூடைப்பந்து பார்க்கிறவர்களிடம் மேஜிக் ஜான்சனா, ஐசேயா தாமஸா என்று கேட்டால் மல்லுக்கு நிற்பார்கள். ஆனால் அந்த வழக்கில் பாதியை மைதானமே விசாரித்துவிட்டது. 1988 இறுதித் தொடரில் ஜான்சனின் லேக்கர்ஸ் வென்றது. அடுத்த வருடமே தாமஸின் பிஸ்டன்ஸ் கணக்கைத் தீர்த்தது. எதிரெதிர் அணியில் நின்ற இருவரை எடைபோடுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. நம் பக்கத்தில் ஐம்பது வருடமாக இழுத்துக்கொண்டிருக்கும் வழக்கு வேறு ரகம். இந்திய கிரிக்கெட்டில் இரண்டு ஆஃப் ஸ்பின்னர்கள்: ஒரே அணி, ஒரே வேலை, காலியாக இருந்ததோ ஒரே இடம். எரப்பள்ளி பிரசன்னாவா, எஸ். வெங்கடராகவனா?

வல்லம், செஞ்சி, திண்டிவனம் பக்கம் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக் கமெண்டரி கேட்டு வளர்ந்த பெரியவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால், பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும்: "வெங்கட்தான், சந்தேகமென்ன?" பெங்களூரில் கேட்டால் அதே வேகத்தில் பிரசன்னா பெயர் வரும். இரண்டிலும் ஊர்ப்பாசம்தான் அதிகம், கிரிக்கெட் குறைவு. பாசத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பார்ப்போம்.

முதலில் எண்கள். பிரசன்னா 49 டெஸ்டில் 189 விக்கெட், சராசரி 30.38. வெங்கட் 57 டெஸ்டில் 156 விக்கெட், சராசரி 36.11. பிரசன்னாவுக்கு ஒரு விக்கெட் எடுக்கச் சராசரியாக 76 பந்து தேவைப்பட்டது, வெங்கட்டுக்கு 95. ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் என்பது பிரசன்னாவுக்கு 10 தடவை, வெங்கட்டுக்கு 3 தடவைதான். விக்கெட் எடுப்பதுதான் பந்து வீச்சாளரின் வேலை என்றால் வழக்கை இங்கேயே மூடிவிடலாம். ஓவருக்குக் கொடுத்த ரன்னில் வெங்கட் கொஞ்சம் சிக்கனம்: 2.27, பிரசன்னா 2.40. வெங்கட் பிடித்த கேட்ச் 44, பிரசன்னா 18. பேட்டிங்கில் இருவரும் ஏறக்குறைய ஒரே கணக்கு, எழுநூற்றுச் சொச்சம் ரன், சராசரி பதினொன்றுக்குச் சற்று மேல். அதைப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனால் இந்த எண்களுக்குப் பின்னால் இரண்டு விதமான பந்து இருக்கிறது. பிரசன்னா குள்ளமான ஆள். பந்தை மட்டையாளரின் கண்மட்டத்துக்கு மேலே தூக்கிப் போடுவார். முன்னால் வந்து அடிக்கலாம் என்று கால் எடுத்துவைத்தவுடன் பந்து எதிர்பார்த்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிடும். திரும்புவது அதற்கப்புறம் நடக்கிற விஷயம். மட்டையாளர் ஏமாறுவது காற்றிலேயே முடிந்திருக்கும். அதனால்தான் சுழலாத ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆடுகளங்களிலும் அவரால் விக்கெட் எடுக்க முடிந்தது. 1967-68 பயணத்தில் ஆஸ்திரேலியாவில் நான்கு டெஸ்டில் 25, நியூசிலாந்தில் நான்கு டெஸ்டில் 24. ஆஸ்திரேலியாவில் இந்தியா நான்கு டெஸ்டையும் தோற்றது. இன்னொரு சுழற்பந்து வீச்சாளரான சந்திரசேகர் காயத்தோடு பாதியில் ஊர் திரும்பினார். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் ஒருவர் 25 விக்கெட் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று பந்து போட்டவர்களுக்குத் தெரியும். அடுத்து நியூசிலாந்தில் பட்டோடி தலைமையில் 3-1 என்று ஜெயித்ததுதான் வெளிநாட்டில் இந்தியாவின் முதல் தொடர் வெற்றி. ஆஸ்திரேலியாவின் இயன் சாப்பல், தான் சந்தித்த சுழற்பந்து வீச்சாளர்களில் சிறந்தவர் பிரசன்னாதான் என்று சொல்லிவந்தார். சாப்பல் யாரையும் சும்மா புகழ்கிற ஆள் இல்லை.

வெங்கட் உயரமானவர். பந்தை அதிகம் தூக்க மாட்டார். வேகமாக, நேராக, ஒரே இடத்தில். உயரத்திலிருந்து வருவதால் பந்து எழும்பும். ஆடுகளம் கொஞ்சம் உதவினால் போதும், மட்டையாளருக்கு மூச்சுவிட இடம் இருக்காது. 1965-ல் டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக 8/72, 4/80, மொத்தம் 12 விக்கெட். அப்போது அவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. ஆடுகளம் கைகொடுக்காத நாளில் அவர் ரன்னைக் கட்டிப்போடுவார், அவ்வளவுதான். அந்த நாட்கள் பல வருடம் சேர்ந்ததில்தான் அந்த 36 சராசரி வந்தது.

இப்போது நம் பக்கத்து டென்னிஸ் பால் டோர்னமெண்ட்களைப் பாருங்கள். ஆஃப் ஸ்பின் போடுகிற பையன்கள் எல்லாரும் பந்தைத் தட்டையாகக் குத்துகிறார்கள். தூக்கிப் போட்டால் பந்து ஏரிக்கரையைத் தாண்டும், கேப்டன் அடுத்த ஓவர் தரமாட்டான். வெங்கட்டின் தட்டையான பந்தை எடுத்துக்கொண்டார்கள். நாளெல்லாம் ஒரே இடத்தில் போடும் அவருடைய கட்டுப்பாட்டை விட்டுவிட்டார்கள். இது ஒரு புலம்பல், விடுங்கள்.

இருவரும் சேர்ந்து பந்து போட்ட ஒரு டெஸ்டை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். 1969 டிசம்பர், சென்னை சேப்பாக்கம், எதிரணி ஆஸ்திரேலியா. முதல் இன்னிங்ஸில் வெங்கட் 4/71, பிரசன்னா 4/100. இதுவரை வெங்கட் கை ஓங்கியிருக்கிறது. இரண்டாவது இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 24 ரன்னுக்கு 6 விக்கெட்டை இழந்து நின்றது. பிரசன்னா 6/74. ரெட்பாத் 63 ரன் அடித்து ஆஸ்திரேலியாவைத் தூக்கி நிறுத்தினார், நாம் 77 ரன்னில் தோற்றோம். ஆட்டத்தை ஒரே மணி நேரத்தில் தலைகீழாகப் புரட்டுகிற சக்தி பிரசன்னாவிடம் இருந்தது. வெங்கட்டிடம் அது அபூர்வமாகத்தான் வந்தது.

அப்படியிருந்தும் 1971 கோடையில் இங்கிலாந்தில் மூன்று டெஸ்டிலும் பிரசன்னா உட்கார்ந்துதான் பார்த்தார். கர்நாடகத்துக்காரர்களின் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. வெங்கட் துணைக் கேப்டன், அதனால் அவருக்கு இடம் உறுதி, பிரசன்னாவுக்கு அநியாயம் நடந்தது என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய சில மாதங்களைப் பார்க்க வேண்டும். வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நாம் ஜெயித்த டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் பிரசன்னா 4 விக்கெட் எடுத்தார். இரண்டாவதில் வெங்கட் 5/95. அந்தத் தொடர் முழுக்க வெங்கட் எடுத்தது 22 விக்கெட், நம் அணியில் அவர்தான் முதலிடம். அப்படி ஆடியவரை அடுத்த தொடரில் எந்தக் கேப்டன் வெளியே வைப்பார்?

அப்போதைய கேப்டன் வடேகர் கணக்குப் போட்ட விதமும் யோசிக்க வேண்டியது. அணியின் இன்னொரு சுழற்பந்து வீச்சாளர் பேடி ஏற்கெனவே பந்தைத் தூக்கிப் போடுகிறவர். சந்திரசேகரோ ஒரு பந்தில் விக்கெட், அடுத்த பந்தில் பவுண்டரி. இவர்களுக்கு மூன்றாவதாக ஒருவர் வேண்டுமென்றால் அவர் ரன்னை இறுக்கிப் பிடிக்கிறவராக இருப்பது நல்லது. மட்டையாளர் ஒரு முனையில் ரன் எடுக்க முடியாமல் தவித்தால்தான் மறுமுனையில் சந்திராவிடம் அவசரப்படுவார். ஓவல் டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸ் இதற்குச் சாட்சி. சந்திரா 18.1 ஓவரில் 6/38 என்று எல்லாருக்கும் மனப்பாடம். மறுமுனையில் வெங்கட் 20 ஓவர் போட்டு 44 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்ததை யாரும் சொல்வதில்லை. பேடி போட்டதே ஒரு ஓவர்தான். இங்கிலாந்து 101-க்கு ஆல் அவுட். போதாக்குறைக்குச் சோல்கர் ஒரு பக்கம், வெங்கட் ஒரு பக்கம் என்று மட்டைக்குப் பக்கத்திலேயே நிற்கிற பீல்டிங். பிரசன்னா பந்தில் இருக்கும் மாயத்துக்காக அந்தக் கைகளை இழக்க வடேகர் தயாராக இல்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட் நால்வரையும் சேர்த்து ஆடவைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே ஒருமுறை நடந்தது: 1967, பர்மிங்காம். இந்தியா தோற்றது. பிறகு யாரும் அந்தச் சோதனையில் இறங்கவில்லை.

அநியாயம் நடந்தது என்றால் வெங்கட்டுக்கும் நடந்திருக்கிறது, அதுவும் இன்னும் கொடுமையாக. 1974 டிசம்பரில் பட்டோடிக்குக் காயம் என்பதால் டெல்லி டெஸ்டில் அவர் இந்தியாவின் கேப்டன். அடுத்த டெஸ்ட் கொல்கத்தாவில். அங்கே அவர் பன்னிரண்டாவது ஆள். கேப்டனாக இருந்தவர் அடுத்த ஆட்டத்தில் தண்ணீர் தூக்கினார். 1975, 1979 உலகக் கோப்பைகளுக்கு அவர்தான் கேப்டன். 1979-ல் இங்கிலாந்து தொடர் முடிந்து திரும்பிவரும் விமானத்தில் இருக்கும்போதே பதவி கவாஸ்கருக்குப் போயிற்று. பிரசன்னா தன் பங்குக்குப் பொறியியல் படிப்பை முடிக்க ஐந்து வருடத்தை விட்டார்: 1962-க்குப் பிறகு 1967 ஜனவரியில்தான் மறுபடி டெஸ்ட் ஆடினார். அந்த ஐந்து வருடமும் ஆடியிருந்தால் அவர் எண்கள் எங்கே போயிருக்கும்? இத்தனைக்கும் 20-வது டெஸ்டிலேயே நூறு விக்கெட்டைத் தொட்டவர். அந்த இந்தியச் சாதனையை உடைக்க 2013-ல் சென்னை அஸ்வின் வர வேண்டியிருந்தது.

ரஞ்சியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1973-74-ல் பிரசன்னா தலைமையில் கர்நாடகம் முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அதற்கு முந்தைய பருவத்தில் வெங்கட் தலைமையில் தமிழ்நாடு இறுதிப்போட்டி வரை வந்தது. சேப்பாக்கத்திலேயே பம்பாயின் ஷிவால்கர் 8/16, 5/18 என்று சுருட்டிவிட்டார். நம் ஆடுகளத்தில் நம்மையே!

என் தீர்ப்பு இதுதான். 1971 அணிக்கு வெங்கட்தான் சரியான ஆள். அந்த இடம் சலுகையாக வந்தது என்பவர்கள் ஓவல் ஸ்கோர்கார்டைப் படிக்கட்டும். ஆனால் தொடரும் அணியும் எதுவென்று தெரியாமல், ஆடுகளம் எப்படி இருக்கும் என்றும் தெரியாமல், ஒரு ஆஃப் ஸ்பின்னரை மட்டும் தேர்ந்தெடு என்றால், விழுப்புரம் மாவட்டமே என்னோடு சண்டைக்கு வந்தாலும், பந்தைப் பிரசன்னாவிடம்தான் கொடுப்பேன்.