பாகலூர் வாசல்: மைசூர்ப் போர்களை எங்கே நின்று எடைபோடுவது?

1768 நவம்பரில் ஓசூர்க் கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. மைசூரை ஆண்ட ஹைதர் அலி அதை முற்றுகையிட்டார். கோட்டையை மீட்க வந்த கர்னல் வுட், கனத்த பீரங்கிகளையும் தளவாடங்களையும் பக்கத்துப் பாகலூரில் நிறுத்திவிட்டு ஓசூருக்கு விரைந்தார். அந்த இடைவெளியில் ஹைதரின் படை பாகலூர்ப் பேட்டைக்குள் புகுந்தது. பேட்டை மக்களும், படையோடு வந்த கூலிகளும் அவர்களுடைய குடும்பங்களும் கோட்டை வாசலை நோக்கி ஓடினார்கள். குறுகிய அந்த வாசலின் நெரிசலில் பெண்களும் குழந்தைகளுமாகப் பெருங்கூட்டம் மிதிபட்டு மாண்டது. தோல்விக்காக வுட் பதவி இழந்தார். பீரங்கிகளை இழந்த கதை போர் வரலாறுகளில் இடம்பெற்றது. வாசலில் இறந்தவர்களின் பெயர் எதிலும் ஏறவில்லை.

1767 முதல் 1799 வரை நடந்த நான்கு மைசூர்ப் போர்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலான எழுத்து ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: ஹைதரின் மகன் திப்பு வீரரா, கொடுங்கோலரா? இந்தக் கேள்வி மைசூர்த் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் லண்டனிலும் பிறந்தது. கிருஷ்ணகிரி மலையடியிலோ ராயக்கோட்டைக் கணவாயிலோ நின்று பார்த்தால் முதலில் வேறு கேள்விதான் எழும். இந்தப் போர்களை நடத்தியவர்கள் யார், அவற்றுக்கு விலை கொடுத்தவர்கள் யார்? இதுவரை வந்த எழுத்துகளை அந்தக் கேள்வியோடு திரும்பிப் படிக்கும் முயற்சியே இந்தக் கட்டுரை.

கணவாய்களின் நிலம்

இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளை அன்று பாராமகால் என்றார்கள். மேலே மைசூர்ப் பீடபூமி, கீழே அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுச் சமவெளி, இரண்டுக்கும் நடுவில் இந்தப் படிக்கட்டு. ஓசூர் மேல்படியில் இருக்கிறது, கிருஷ்ணகிரி கீழ்ப்படியில். மைசூர்ப் படை ஆற்காட்டுச் சீமைக்கு இறங்கவும் கம்பெனிப் படை மைசூருக்கு ஏறவும் வழி இதுதான். ஹைதர் பிறந்த ஊராகச் சொல்லப்படும் பூதிகோட்டை, கிருஷ்ணகிரி எல்லையைத் தாண்டியதும் கோலார்ச் சீமையில் இருக்கிறது.

முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஓசூர் கைமாறிய கணக்கைப் பாருங்கள். 1768-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1769 சமாதானத்தோடு அது மைசூரிடம் திரும்பியது. 1791 ஜூலையில் மீண்டும் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1792 உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்குப் போனது, மேட்டு நிலமான ஓசூரோ திப்புவிடம் திரும்பியது. 1799-ல் அவர் வீழ்ந்தபின் கம்பெனிக்கே சேர்ந்தது. எழுபது வயது வரை இங்கே வாழ்ந்த ஓர் உழவர், தன் நிலத்தை விட்டு நகராமலே ஐந்து முறை ஆட்சி மாறக் கண்டிருப்பார். இன்று அத்திப்பள்ளியைத் தாண்டி வேலைக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கானோர் கடக்கும் மாநில எல்லைக்கும் 1799-ன் நிலப்பங்கீடே அடித்தளம்.

யார் தொடங்கினார்கள்?

ஒவ்வொரு போரிலும் இரு தரப்பும் தற்காப்புக்கே வாளெடுத்ததாகச் சொல்லின. அந்தச் சொல்லை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்க வேண்டும்.

முதல் போரின் வேர் ஒரு பேரத்தில் இருக்கிறது. வட சர்க்கார் மாவட்டங்களைப் பெறுவதற்காக 1766-ல் கம்பெனி ஐதராபாத் நிஜாமுக்குப் படையுதவி தருவதாக ஒப்புக்கொண்டது. அந்தப் படை ஹைதருக்கு எதிராகத் திரும்பியது. அடுத்த ஆண்டே நிஜாம் கட்சி மாறி ஹைதரோடு சேர்ந்தார். 1767-ல் காவேரிப்பட்டினத்திலும் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் சண்டை நடந்தது. 1768-ல் நிஜாம் மறுபடியும் கம்பெனியோடு சமாதானமானார். கொள்கை என்று சொல்ல இதில் எவரிடமும் எதுவும் இல்லை.

1769-ல் ஹைதரின் குதிரைப்படை சென்னையின் வாசலுக்கே வந்து நின்றபோது உடன்படிக்கை ஆயிற்று. பிடித்த இடங்களைத் திருப்பித் தரவும், யாரேனும் தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவவும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டு மராட்டியர் மைசூரைத் தாக்கினார்கள். கம்பெனி உதவிக்கு வரவில்லை. இரண்டாம் போரின் முதல் காரணம் இந்த வாக்குத் தவறல். உடனடிக் காரணம் கடல் கடந்து வந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் சேர்ந்ததும், 1779-ல் கம்பெனி மலபார்க் கரையிலிருந்த பிரெஞ்சு மாஹியைப் பிடித்தது. மாஹி தன் பாதுகாப்பில் இருப்பதாக ஹைதர் முன்பே எச்சரித்திருந்தார். 1780 ஜூலையில் அவருடைய பெரும்படை கணவாய் வழியாகச் சமவெளியில் இறங்கியது.

மூன்றாம் போரில் முதல் அடி, ஹைதருக்குப் பின் ஆட்சிக்கு வந்த திப்புவுடையது. 1789 டிசம்பர் 29 அன்று அவர் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை அரணைத் தாக்கினார். தனக்குக் கப்பம் கட்டும் கொச்சிக்கு உரிய இடங்களைத் திருவிதாங்கூர் டச்சுக்காரரிடம் விலைக்கு வாங்கிவிட்டது என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் இருந்தாலும், கம்பெனியோடு நட்பிலிருந்த அண்டை நாட்டின் மேல் படையெடுத்த பொறுப்பு அவருடையதுதான். கம்பெனியின் தலைமை ஆளுநர் காரன்வாலிஸுக்கோ அந்தத் தாக்குதல் காத்திருந்த வாய்ப்பாக வந்தது. இந்தியாவில் நிலம் பிடிக்கும் போர்கள் கூடாதென்று 1784-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. நட்பு நாட்டைக் காக்கும் போருக்கு அதில் இடமுண்டு. இந்தச் சட்டத்துக்குப் பிறகு கம்பெனிப் போர் ஒவ்வொன்றும் தற்காப்பு என்ற பெயரோடுதான் வெளியே வர முடிந்தது.

நான்காம் போரில் அந்தப் பெயர் முற்றிலும் வெளுத்துப்போனது. 1798 ஜனவரியில் மொரீஷியஸின் பிரெஞ்சு ஆளுநர் மலார்ட்டிக், திப்புவின் படைக்கு ஆள் சேர்க்க வெளிப்படையாக அறிக்கை விட்டார். மங்களூரில் வந்திறங்கியவர்கள் நூறு பேர்கூட இல்லை. இதைத்தான் அப்போதைய தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி பேராபத்தாகக் காட்டிப் படை திரட்டினார். 2003-ல் ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லிப் போர் தொடுத்ததைக் கண்ட நம் தலைமுறைக்கு இந்த முறை புதிதல்ல. ஆபத்து சிறிது, அதைச் சுட்டி அடையப் பார்த்த ஆதாயம் பெரிது. நான்கு போர்களில் அறத்தின் முன் மிகவும் பலவீனமாக நிற்பது இதுதான் என்பேன்.

எப்படி நடத்தினார்கள்?

போரைத் தொடங்கியது சரியா என்பது ஒரு கேள்வி. நடத்திய விதம் சரியா என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கான விடை மற்றதற்கு ஆகாது. 1780-ல் ஹைதருக்குக் கம்பெனிமேல் உண்மையான குறை இருந்தது. ஆனால் அவர் படை சென்னைச் சுற்றுப்புறத்தை எரித்துப் பாழாக்கியபோது அழிந்தது உழவர்களின் வாழ்வு. அடுத்து வந்த பஞ்சத்தில் சென்னைத் தெருக்களில் மனிதர்கள் விழுந்து மடிந்தார்கள். கம்பெனிப் பக்கமும் இந்த அளவுகோலில் தோற்கிறது. 1791-ல் திப்புவுக்கு எதிராகக் கம்பெனியோடு சேர்ந்து வந்த மராட்டியப் படையின் கொள்ளைக்கூட்டம் சிருங்கேரி மடத்தையே சூறையாடியது. மடத்தைச் சீர்ப்படுத்தப் பொருள் அனுப்பி அதன் தலைவருக்குத் திப்பு எழுதிய கடிதங்கள் 1916-ல் வெளிச்சத்துக்கு வந்தன. அதே திப்புதான் குடகர்களையும் மங்களூர்க் கத்தோலிக்கரையும் கூட்டங்கூட்டமாகச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனார். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் போர் எப்படி இருந்தது என்பதை 1791 தெளிவாகக் காட்டுகிறது. அந்த மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிய காரன்வாலிஸ் தோல்வியோடு திரும்பினார். தீவனமில்லாமல் மாடுகள் செத்து விழுந்தன. இழுக்க மாடில்லாத முற்றுகைப் பீரங்கிகளைத் தன் கையாலேயே அழிக்க வேண்டியதாயிற்று. தானியம் வரும் வழி திறக்காமல் மைசூரைப் பிடிக்க முடியாது என்று புரிந்தபின், ஜூலையில் ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தார்கள். அந்தக் கணவாய் வழியாகப் பொதிமாடுகளில் தானியம் ஏற்றிவந்து படையைக் காப்பாற்றியவர்கள் லம்பாடிகள். நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கினார். கீழ்க்கோட்டை விழுந்தது. மேலேயிருந்து உருட்டிவிட்ட பாறைகளின் முன் தாக்குதல் முறிந்தது. சண்டையில் விழாத அந்தக் கோட்டை அடுத்த ஆண்டு உடன்படிக்கைத் தாளில் கைமாறியது.

எப்படி முடித்தார்கள்?

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஆயிற்று. திப்பு நாட்டில் பாதியையும் 3 கோடி 30 லட்சம் ரூபாயையும் இழந்தார். பணம் கட்டி முடிக்கும்வரை அவருடைய இரண்டு பிள்ளைகள் பிணையாக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளைக் காரன்வாலிஸ் கைநீட்டி வரவேற்கும் காட்சியை ஆங்கில ஓவியர்கள் பலமுறை வரைந்தார்கள். தந்தையின் கனிவு போன்ற முகம் அந்த ஓவியங்களில் தெரிகிறது. தந்தையிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளின் பயம் அவற்றில் இல்லை. அந்த 3 கோடி 30 லட்சமும் அரண்மனைக் கஜானாவோடு நிற்கவில்லை. மைசூர் உழவரின் தலைமேல் கூடுதல் தண்டலாக இறங்கியது.

1799 மார்ச்சில் தளபதி ஹாரிஸின் படை ராயக்கோட்டைப் பக்கமாக எல்லை தாண்டியது. அஞ்செட்டிக் கோட்டை போன்ற மலைக்கோட்டைகள் ஓரிரு நாளில் விழுந்தன. மே 4 அன்று திப்பு வாள் ஏந்தியபடி மாண்டார்.

எழுதியவர்கள்

இந்தப் போர்களின் முதல் பெரிய வரலாற்றை எழுதியவர் மைசூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ். 1810 முதல் 1817 வரை மூன்று தொகுதிகள் வந்தன. தகவல் செறிந்த நூல். ஆனால் வென்றவரின் நாற்காலியிலிருந்து எழுதியது. திப்புவின் பிடிவாதத்தையும் மதவெறியையும் அவர் பெரிதாக்கிக் காட்டினார். பாரசீகத்தில் எழுதிய கிர்மானி எதிர்ப்பக்கத்தின் குரல். ஆனாலும் அவர் நூல் அரசர்களின் வீரத்தைப் பாடுவதோடு நிற்கிறது. பிரிட்டனிலேயே மாற்றுக் குரல் இருந்தது. 1785-ல் எட்மண்ட் பர்க், ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்த கம்பெனி ஊழியர்களே கர்நாடகத்தின் அழிவுக்குப் பொறுப்பென்று நாடாளுமன்றத்தில் குற்றம் சாட்டினார். 1817-ல் ஜேம்ஸ் மில், வெல்லெஸ்லி சொன்ன காரணத்தை ஏற்க மறுத்தார்.

விடுதலைக்குப் பின் மொஹிபுல் ஹசன் 1951-ல் திப்புவின் வரலாற்றை எழுதி வில்க்ஸின் சாயத்தைக் கழுவினார். 1999-ல் இர்ஃபான் ஹபீப் தொகுத்த கட்டுரைகள் மைசூரின் காலனிய எதிர்ப்பையும் நவீனமாக்கலையும் முன்வைத்தன. கேட் பிரிட்டில்பேங்க், திப்பு தன் அரசுரிமையை மக்கள் மனத்தில் நிறுவ எடுத்த முயற்சிகளை ஆராய்ந்தார். லிண்டா காலி, மைசூரில் சிறைப்பட்ட பிரிட்டிஷ் கைதிகளின் எழுத்துகள் வழியாகப் பிரிட்டனின் பயத்தைக் காட்டினார்.

இவர்கள் எல்லாரையும்விடப் பாராமகாலுக்கு நெருக்கமானவர் பர்ட்டன் ஸ்டைன். திப்புவின் அரசும் கம்பெனியின் அரசும் ஒரே தேவையால் இயங்கின என்பது அவர் கண்டது. பெரிய படைக்குச் சம்பளம் வேண்டும். அதற்கு வரி வேண்டும். வரி முழுவதும் வந்து சேர நடுவில் நிற்கும் பாளையக்காரர் ஒழிய வேண்டும். 1792-ல் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் பாராமகாலுக்கு வந்து வயல் வயலாக அளந்து வரி விதித்தார்கள். பின்னர் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. மைசூர் ஆட்சி ஏற்கெனவே பாளையக்காரரை ஒதுக்கி உழவரிடம் நேராகக் கை நீட்டியிருந்தது. ரீடும் மன்றோவும் அந்த அடித்தளத்தின்மேல் கட்டினார்கள். போர்க்களத்தில் எதிரெதிராக நின்ற இரண்டு அரசுகளும் ஒரே உழவரின் களத்துமேட்டுக்குத்தான் வந்து நின்றன.

இந்த ஆய்வுகள் ஒருபுறம் வளர, தெருவில் வேறு சண்டை. 2015-ல் கர்நாடக அரசு திப்பு ஜயந்தி கொண்டாடத் தொடங்கியதும் குடகில் மோதல் மூண்டு உயிர் போயிற்று. 2019-ல் வேறொரு அரசு அதை நிறுத்தியது. ஆட்சிக்கு ஆட்சி ஒரு வரலாறு என்றால், எந்த வரலாறும் மிஞ்சாது.

நம்மிடம் இருக்கும் அளவுகோல்

போரின் அறத்தை எடைபோட நாம் வெளியே போய்க் கல் தேட வேண்டியதில்லை. போர் தொடங்குமுன் பசுக்களும் பெண்களும் பிணியாளரும் பாதுகாப்பான இடம் சேர வேண்டுமென்று அறிவிக்கும் அரசனைப் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு போற்றுகிறது. பாராமகாலின் தென்பாதிதான் பழைய தகடூர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற அவ்வையின் மரபு இந்த மண்ணுடையது. ஆநிரை மீட்டு இறந்த எளிய வீரனுக்கும் ஊரும் பேரும் பொறித்துக் கல் நட்ட மண்ணும் இதுதான். அந்த நடுகற்கள் இந்த வட்டாரமெங்கும் இருக்கின்றன. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம்.

அந்த அளவுகோலை வைத்தால் என் முடிவு இது. நான்காம் போர் நியாயமற்ற ஆக்கிரமிப்பு. மூன்றாவதில் திப்புவின் தவறு உண்டு. அதைவிடப் பெரிய ஆதாயத்தைக் கம்பெனி அதிலிருந்து எடுத்தது. இரண்டாவதில் குறை கம்பெனியுடையது, கொடுமை இரு பக்கமும். முதலாவது பேரத்தில் பிறந்த போர். நான்கிலும் பாராமகால் மக்களைக் கேட்டு யாரும் ஒரு குண்டும் சுடவில்லை.

தோரப்பள்ளியில் பிறந்து ஓசூரில் படித்த ராஜாஜி, 1962-ல் தம் எண்பத்து மூன்றாம் வயதில் அணுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி வாஷிங்டன் போய்க் கென்னடியைப் பார்த்தார். போரின் கேள்வியைப் போரை அனுபவித்த மண்ணிலிருந்து கேட்பது எப்படி என்பதற்கு நமக்கு அது ஒரு வழிகாட்டல்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பள்ளி கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னை அரசு தொகுதிகளாக அச்சிட்ட பாராமகால் ஆவணங்களை மாணவர் கையில் கொடுங்கள். எந்த ஊர் எரிந்தது, எந்த ஏரி உடைந்தது, எத்தனை குடி இடம்பெயர்ந்தது என்று அவர்களே தேடட்டும். ஊர்ப் பெரியவர்களிடம் கதை கேட்கட்டும். பிறகு பாகலூரில், அந்த வாசலில் மிதிபட்டு இறந்தவர்களுக்காக ஒரு கல் நடுவோம். பெயர் தெரியாவிட்டாலும் ஆண்டு தெரியும், இடம் தெரியும். கல் நட அது போதும்.