அடுத்தவர் பகடைக்காக ஒரு லெவல்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் கைதட்டல் எப்போதும் அடித்தவருக்குத்தான். வாள்காரர் பகடையை உருட்டுகிறார், அரக்கன் சாய்கிறான், மேசை அதிர்கிறது. அந்த வீச்சு இரண்டு எண்ணில் தவறியிருக்க வேண்டியது. போன சுற்றில் பின்னால் நின்ற ஒருவர் போட்டுவைத்த மந்திரம்தான் அந்த இரண்டைக் கொடுத்தது. இது பெரும்பாலும் யாருக்கும் நினைவிருக்காது, மந்திரம் போட்டவரைத் தவிர. அவருக்கு அது போதும். இப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரத்தைச் செதுக்கும் விதங்களில், நான் மிகவும் ரசிப்பது மல்டிகிளாஸ்.

ஆட்டம் பழகாதவர்களுக்காக ஒரு சுருக்கம். டஞ்சன் மாஸ்டர் என்பவர் உலகத்தை நடத்துகிறார்; மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். ஃபைட்டர், விசார்ட், தெய்வ அருளால் மந்திரம் போடும் கிளெரிக், இசையால் மந்திரம் போடும் பார்ட் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கிளாஸ் உண்டு. அனுபவம் சேரச் சேர 1 முதல் 20 வரை லெவல் ஏறும். வழக்கமாக ஒரே கிளாஸில் ஏறுவார்கள். விரும்பினால் அடுத்த லெவலை வேறொரு கிளாஸில் எடுக்கலாம். அதுதான் மல்டிகிளாஸ். ஓரிரு லெவல் மட்டும் நனைத்துவிட்டுத் திரும்பினால் அதற்கு டிப் என்று பெயர்.

அடிப்பவருக்கு மல்டிகிளாஸ் பெரும்பாலும் ஒரு கணக்கு. ஒரு சுற்றில் எத்தனை சேதம் என்று கூட்டிப் பார்த்தால் எது மேல் என்று தெரிந்துவிடும். துணைநிற்கும் மந்திரக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் பக்கவாத்தியக்காரர். நல்ல மிருதங்கக்காரர் பாடகரை மீறி வாசிப்பதில்லை, ஆனால் அவர் சரியில்லாத கச்சேரியில் பாடகருடைய குறையெல்லாம் வெளியே தெரிந்துவிடும். அவர் வேலையின் பலன் இன்னொருவரிடம்தான் தெரியும். ஆகவே அவர் எடுக்கும் ஒவ்வொரு டிப்பையும் அவருடைய பாத்திரத்தின் எண்கள் எழுதிய தாளை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. இங்கேதான் ரசனைக்கு வேலை வருகிறது.

இந்தக் கலைக்கு ஆட்டத்தின் வயதே ஆகிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட முதல் பதிப்பில் மூன்றே கிளாஸ்கள்: சண்டைக்காரர், மந்திரவாதி, கிளெரிக். ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவர் ரத்தக்காட்டேரியாக ஆடி, யாராலும் அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டார். அவருக்கு எதிராகப் பிறந்ததுதான் கிளெரிக். காட்டேரியை விரட்ட வந்த சாமியார், காலப்போக்கில் காயத்துக்கு மருந்து போடுபவராக அடையாளம் பெற்றார்.

பார்டின் கதை இன்னும் சுவையானது. 1976-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வழியாக உள்ளே வந்த பார்ட், 1978-இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் பின்னிணைப்பில்தான் இடம்பிடித்தார். எடுத்த எடுப்பில் யாரும் பார்ட் ஆகிவிட முடியாது. முதலில் ஃபைட்டராக ஏற வேண்டும். அதை விட்டுவிட்டுத் திருடராக ஏற வேண்டும். அதையும் விட்டபின் இயற்கையை வழிபடும் மந்திரக்காரர்களான ட்ரூயிட்களிடம் சீடராகச் சேர வேண்டும். பார்ட் என்ற கிளாஸே அன்று ஒரு மல்டிகிளாஸ்தான். இன்று பார்ட் ஆடுபவர் இன்னொரு கிளாஸைத் தொட்டால் அதைக் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, லெவலுக்கு லெவல் கிளாஸ் மாற்றும் சுதந்திரத்தைத் தாராளமாகக் கொடுத்தது. ஆனால் மந்திரக்காரர்களை அது தண்டித்தது. பாதி விசார்ட், பாதி கிளெரிக் என்று ஏறியவரிடம் இரண்டு பக்கமும் சின்ன மந்திரங்களே தேங்கின. சக்தி கூட்டிச் சேரவில்லை. அந்த ஓட்டையை அடைக்கவே 2003-இல் திருத்திய பதிப்பில் மிஸ்டிக் தியர்ஜ் என்றொரு தனி கிளாஸை நுழைத்தார்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் சிக்கலை அழகாக அவிழ்த்தது. மந்திரம் போடச் செலவாகும் ஸ்லாட்களுக்குப் பொது அட்டவணை ஒன்று வந்தது. பார்ட் லெவலையும் கிளெரிக் லெவலையும் கூட்டி, அந்தத் தொகைக்குரிய ஸ்லாட்களை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த மந்திரம் தெரியும் என்பது அந்தந்த கிளாஸின் லெவலை மட்டும் பொறுத்தது. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் விழும் இடைவெளியில்தான் நான் ரசிக்கும் வேலைப்பாடு நடக்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம், நாலு லெவல் பார்டும் ஒரு லெவல் கிளெரிக்கும் சேர்ந்த 5-ஆம் லெவல் பாத்திரம். ஸ்லாட் அட்டவணை இவருக்கு முதல் நிலையில் நாலு, இரண்டாம் நிலையில் மூன்று, மூன்றாம் நிலையில் இரண்டு தருகிறது. ஆனால் மூன்றாம் நிலை மந்திரம் ஒன்றுகூட இவருக்குத் தெரியாது. அதே லெவலில் இருக்கும் முழு பார்ட், ஹிப்னாட்டிக் பேட்டர்ன் போட்டு எதிரிக் கூட்டத்தையே மயக்கிக்கொண்டிருப்பார். இவர் கையில் இரண்டு பெரிய கிண்ணங்கள் காலியாக இருக்கின்றன. அவற்றில் எதை ஊற்றுவது?

பிளெஸ். கிளெரிக்கின் முதல் நிலை மந்திரம். 2014 பதிப்பில் பார்டின் பட்டியலில் அது இல்லை. மூன்று பேரின் ஒவ்வொரு தாக்குதலிலும், ஆபத்தைத் தாங்கும் ஒவ்வொரு சேவிங் த்ரோவிலும் ஒரு நாலுமுகப் பகடை கூடுகிறது. ஸ்லாட்டில் ஒரு நிலை கூட்டினால் ஒருவர் கூடுதல். மூன்றாம் நிலை ஸ்லாட்டில் போட்டால் ஐந்து பேர், அதாவது பல மேசைகளில் மொத்தக் குழுவும். நாலுமுகப் பகடையின் சராசரி இரண்டரை. இருபது முகத்துக்கு எதிரில் அது எட்டில் ஒரு பங்கு. ஐந்து பேர், ஒரு நிமிடம், உருட்டும் ஒவ்வொரு முறையும். காலியாகக் கிடந்த கிண்ணம் விளிம்புவரை நிறைந்துவிட்டது.

இதன் பொருத்தம் அதோடு நிற்கவில்லை. பிளெஸ் போடுவது ஒருவர் தன் முறையில் செய்யும் முக்கியச் செயலான ஆக்‌ஷன். பார்டின் தனிச்சொத்தான பார்டிக் இன்ஸ்பிரேஷன், அதாவது இன்னொருவருக்கு ஒரு ஆறுமுகப் பகடையைக் கடனாகக் கொடுப்பது, அதே முறையில் கூடுதலாகச் செய்யக்கூடிய போனஸ் ஆக்‌ஷன். போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரத்தைப் போட்டால் அந்த முறையில் ஸ்லாட் செலவழித்து இன்னொரு மந்திரம் போட விதி விடாது. ஆனால் இன்ஸ்பிரேஷன் மந்திரம் அல்லவே! ஒரே முறையில் இரண்டையும் செய்யலாம். லோர் கல்லூரி வகைப் பார்டாக இருந்தால், அடுத்தவர் முறையில் குறுக்கிடும் ரியாக்‌ஷனுக்கும் வேலை உண்டு: கட்டிங் வேர்ட்ஸ். எதிரி அடிக்கும்போது ஒரு கிண்டல் வார்த்தை வீசி, அவன் எண்ணிலிருந்து அதே பகடையைக் கழிக்கலாம். ஆக்‌ஷன், போனஸ் ஆக்‌ஷன், ரியாக்‌ஷன் மூன்றும் தட்டில்லாமல் நிரம்புகின்றன.

இது மேசையில் எப்படித் தெரியும்? ஒரு குகை, எதிரே பேஸிலிஸ்க், பார்வையால் கல்லாக்கும் பல்லி. பார்ட் தன் முறையில் ஐந்து பேருக்கும் பிளெஸ் போட்டு, இன்ஸ்பிரேஷன் பகடையைத் திருடரிடம் கொடுக்கிறார். திருடரின் முறை. கல்லாகாமல் தப்ப 12 வேண்டும். உருட்டியது 7, உடல்வலுவுக்கு ஒன்று, மொத்தம் 8. நாலுமுகப் பகடையில் நாலே விழுகிறது: 12. அடுத்து அவர் கத்தியை வீசுகிறார். எல்லாம் சேர்த்து 13 வருகிறது. போதுமா என்று டஞ்சன் மாஸ்டர் இன்னும் சொல்லவில்லை. அந்த மூச்சுவிடும் நேரத்தில்தான் இன்ஸ்பிரேஷனைச் செலவழிக்க 2014 பதிப்பின் விதி இடம் தருகிறது. மூன்று விழுகிறது: 16. பேஸிலிஸ்க்கின் தற்காப்பு 15. பார்ட் தன் முறையில் யாரையும் தாக்கவே இல்லை. ஆனால் 5-ஆம் லெவலில் யாரும் கல்லை மனிதராக்கும் மந்திரம் வைத்திருக்க மாட்டார்கள் என்பது தெரிந்தவருக்கு, அந்த ஒரு நாலின் விலை தெரியும்.

இனி இழப்புகள். கைதேர்ந்தவரின் டிப்பை நான் இங்கேதான் எடைபோடுவேன். முதல் இழப்பு காலம். 5-ஆம் லெவல் பார்டுக்கு இன்ஸ்பிரேஷன் பகடை எட்டுமுகமாக வளரும். சின்ன ஓய்விலேயே திரும்பிவரும். நம்மவருக்கு இரண்டும் ஒரு லெவல் தள்ளிப்போகின்றன. கையில் இருக்கும் மூன்று நாலு பகடைகளை ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டும். அதில்தான் கட்டிங் வேர்ட்ஸும் பங்கு கேட்கும். இரண்டாவது இழப்பு உடம்பு. கிளெரிக்கைத் தொட விஸ்டம் என்ற திறன் எண் 13 வேண்டும். 15, 14, 13, 12 என்று இறங்கும் தொடக்க எண்களில் அந்த 13 அங்கே போய்விட்டால், கரிஸ்மாவுக்கு 15, டெக்ஸ்டெரிட்டிக்கு 14 என்று வைத்தபின் உடல்வலுவுக்கு 12-தான் மிஞ்சும். பிளெஸ் கான்சென்ட்ரேஷனில், அதாவது போட்டவரின் கவனம் கலையாதவரை மட்டும், நிற்கும் மந்திரம். அடி வாங்கும்போது உடல்வலு சோதனையில் தோற்றால் ஐந்து பேரின் பகடையும் ஒரே நொடியில் பறந்துவிடும்.

நல்ல ஆட்டக்காரர் இந்தக் கடனை அதே டிப்பிலிருந்தே அடைக்கிறார். கிளெரிக் லெவல் நடுத்தரக் கவசமும் கேடயமும் தருகிறது. அடி விழாமல் இருந்தால் சோதனையே வராது. சாமிச் சின்னத்தைக் கேடயத்தின் மேலேயே பொறித்துக்கொண்டால் அந்தக் கையாலேயே பிளெஸ் போடலாம். மறுகையில் வீணை போன்ற ஏதோ ஒரு வாத்தியம். விழுந்தவரை எழுப்பும் ஹீலிங் வேர்டுக்குக் கையே வேண்டாம், குரல் போதும். மந்திரத் தேர்விலும் ஒரு நாசூக்கு உண்டு: கிளெரிக் மந்திரங்கள் விஸ்டத்தில் ஓடுபவை, நம்மவருடைய பலமோ கரிஸ்மா. ஆகவே எதிரி சேவிங் த்ரோ போட்டுத் தாங்கும் மந்திரங்களைக் கிளெரிக் பக்கம் எடுக்கவே கூடாது. பிளெஸ், கைடன்ஸ் போல யாருடைய எண்ணையும் கேட்காதவற்றை எடுக்க வேண்டும். ஹீலிங் வேர்டைப் பார்ட் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருடைய தாளைப் பார்த்ததும் அவர் யோசித்துச் செய்தாரா, ஆசைப்பட்டுச் செய்தாரா என்பது இந்த ஒரு இடத்தில் பிடிபட்டுவிடும்.

2014 விதிகளில் வேறு டிப்கள் இல்லாமல் இல்லை. ட்ரூயிட் ஒருவர் லைஃப் டொமைன் என்ற உட்பிரிவைச் சேர்ந்த கிளெரிக்கில் ஒரு லெவல் எடுத்தால் குட்பெர்ரி மந்திரம் உருமாறிவிடும். பத்துப் பழங்கள், பழத்துக்கு ஒரு உயிர்ப்புள்ளி என்றிருந்தது, பழத்துக்கு நாலாகி நாற்பது புள்ளியாகிறது. விதிப்படி செல்லும் என்று ஆட்டத்தை வடிவமைத்தவர்களே ஒப்புக்கொண்டது இது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் மேசையில் அது சண்டை முடிந்தபின் பழம் பங்கிடும் வேலையாக முடிகிறது. 2020-இல் வந்த பீஸ் டொமைன் ஒரே லெவலில், தோழர்கள் பலருக்குப் பத்து நிமிடம் நாலுமுகப் பகடை தரும்; பிளெஸ்ஸோடும் அது சேரும். எனக்கு அது திகட்டுகிறது. கொடுத்ததற்கு எதையும் இழக்காத டிப்பில் கைவேலை எங்கே இருக்கிறது? சபதம் ஏற்ற வீரரான பாலடினில் ஆறு லெவல் எடுத்த பார்ட் வேறு ரகம். பத்தடிக்குள் நிற்கும் ஒவ்வொரு தோழரின் சேவிங் த்ரோவிலும் அவருடைய கரிஸ்மா கூடும். அதற்காக அவர் ஒன்பதாம் நிலை மந்திரங்களை நிரந்தரமாகக் கைவிட வேண்டும். அந்தத் தியாகத்தின் கம்பீரத்துக்கு நான் எழுந்து நிற்பேன்.

வரிசையும் ஒரு கதை சொல்லும். முதலில் கிளெரிக்காகத் தொடங்கிப் பார்ட் ஆனவர், மடத்தை விட்டுச் சாராயக்கடையில் பாடப் போனவர். பார்டாகத் தொடங்கி கிளெரிக்கைத் தொட்டவர், பாட்டுக்கு நடுவில் எங்கோ ஒரு தெய்வத்தின் குரலைக் கேட்டவர். எண்கள் அளவில் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் டஞ்சன் மாஸ்டருக்கு இவை இரண்டு வெவ்வேறு மனிதர்கள்.

2024-இல் திருத்திய விதிகள் டொமைனை மூன்றாம் லெவலுக்குத் தள்ளிவிட்டன. குட்பெர்ரி தந்திரமும் செத்தது. ஒரே லெவலில் வாரிக்கொண்டு போகிற காலம் முடிந்தது என்று புலம்புபவர்கள் உண்டு. எனக்கு அதில் குறையில்லை. கவசமும் பிளெஸ்ஸும் இன்னும் முதல் லெவலிலேயே கிடைக்கின்றன; சுலபமான லாபம் போனபின் எஞ்சியிருப்பது தேர்வின் நயம்.

மல்டிகிளாஸ் செய்யலாமா என்று என்னிடம் கேட்கும் இளைய ஆட்டக்காரர்களிடம், அவர்களுடைய தாளை நான் முதலில் கேட்பதில்லை. மேசையில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்பேன். ஒரு சுற்றில் மூன்று முறை அடிக்கும் ஃபைட்டர் இருக்கும் குழுவில் பிளெஸ் தங்கம். எதிரிகளையே சேவிங் த்ரோ போட வைக்கும் விசார்ட்கள் நிறைந்த குழுவில் அதன் பாதி வீண், அங்கே முழு பார்டாக நிற்பதே மேல். ஒரே பாத்திரம் ஒரு மேசையில் கலை, இன்னொரு மேசையில் விரயம். மற்ற நாலு பேரின் தாள்களை வாங்கிப் படிக்காமல் எடுக்கும் டிப், எத்தனை புத்திசாலித்தனமாக இருந்தாலும், துணைநிற்பவரின் வேலை ஆகாது.