ஒரு கிலோவாட் காற்றாடியும் அதைத் தாங்கும் கம்பமும்

பெட்டியின் மேல் ‘1 கிலோவாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எத்தனை வேகக் காற்றில் அந்த ஒரு கிலோவாட் கிடைக்கும் என்பது கையேட்டின் கடைசிப் பக்கத்து அட்டவணையில், பொடி எழுத்தில் இருக்கிறது: நொடிக்கு 12 மீட்டர். அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் அந்த வேகத்தைத் தொடுவதுண்டு. தொடுவதுதான், நாள் முழுக்க நிற்பதில்லை.

வேகம் பாதியானால் கரண்டும் பாதியாகும் என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும். காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்குவது. 12 மீட்டரில் 1000 வாட் தரும் காற்றாடி 6 மீட்டரில் 125 வாட்டுக்கு வந்துவிடும். 4 மீட்டரில் 37 வாட்; ஒரு பிஎல்டிசி மின்விசிறி ஓடும். இது இயற்பியல். இதில் தயாரிப்பாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை வாங்குகிறவரிடம் சொல்லாமல் விற்பதைத்தான் குறை சொல்கிறேன். குளிர்சாதனப் பெட்டியின் நட்சத்திர முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று போட்டிருக்கிறது. அமெரிக்காவில் தரச்சான்று பெறும் சிறு காற்றாலைகளுக்கு, நொடிக்கு 5 மீட்டர் சராசரிக் காற்றில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் வரும் என்று ஒரு கணக்குத் தருகிறார்கள். நான் வாங்கிய நிறுவனத்திடம் அந்த ஓர் எண்ணைத்தான் கேட்டேன். திரும்பத் திரும்ப ‘ஒரு கிலோவாட் சார்’ என்பதே பதிலாக வந்தது.

இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று கண்ணாடியிழை இறக்கைகள், நிலைக்காந்த ஜெனரேட்டர், பின்னால் ஒரு வால், கீழே 48 வோல்ட் கன்ட்ரோலர். சந்தையில் இந்த அளவில் விற்கும் காற்றாடிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. வார்ப்பு சுத்தமாக இருக்கிறது. இறக்கைகள் மூன்றும் எடை பிசகாமல் வந்திருந்தன. அந்த வகையில் எனக்கு மனக்குறை இல்லை. வைகாசியில் ஏற்றிப் புரட்டாசி வரை, ஒரு காற்று சீசன் முழுக்க, இரண்டு இடங்களில் வைத்துப் பார்த்தேன்: முதலில் ஊருக்குள் வீட்டு மொட்டை மாடி, பிறகு சுரண்டை பக்கத்துத் தோட்டம்.

நிறுவனத்தின் விளம்பரப் படங்கள் எல்லாவற்றிலும் காற்றாடி மொட்டை மாடியில்தான் நிற்கிறது. பொருத்த வந்தவர்களும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று மீட்டர்க் குழாய் ஒன்றை நிறுத்தி, அதன் தலையில் மாட்டிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே அதன் இயல்பு தெரிந்துவிட்டது. காற்றாடி ஒரு நிலையில் நிற்கவில்லை. மேற்கே திரும்பும், தென்மேற்கே திரும்பும், திடீரென்று வடக்கே போய் மீண்டும் மேற்கே வரும். அது திரும்பி முடிப்பதற்குள் காற்று வேறு பக்கம் மாறியிருக்கும். தெருவில் நிற்கும் எனக்குத் துண்டு பறக்கிறது. மாடியிலோ இறக்கைகள் வேகம் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கின்றன.

காற்று ஒரு கட்டடத்தில் மோதினால் சுவரோடு மேலேறி, கூரை விளிம்பில் பிய்த்துக்கொண்டு சுழலாக உருண்டு போகிறது. ஒரு தடையின் சுழல் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் வரைக்கும், காற்று போகும் திசையில் இருபது மடங்கு தூரம் வரைக்கும் இருக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. என் வீடு ஒரு தடை, மேற்கே பக்கத்து வீடு இன்னொரு தடை, அதற்கப்பால் கல்யாண மண்டபம் மூன்றாவது. 150 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எல்லாவற்றையும்விட 9 மீட்டராவது உயரத்தில் சுழலி இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஊருக்குள் மொட்டை மாடியில் அந்த உயரத்தை எப்படிக் கொண்டுவருவது? நல்ல காற்றடித்த நாளில்கூட என் மாடியில் அரை யூனிட்டைத் தாண்டவில்லை.

அதோடு சத்தம். இறக்கையின் சத்தத்தை நான் பொருட்படுத்தவில்லை, அது காற்றோடு போய்விடுகிறது. குழாய் வழியாகக் கான்கிரீட் தளத்துக்குள் இறங்கும் அதிர்வுதான் உறங்க விடாமல் செய்தது. எந்தக் கம்பத்துக்கும் தனக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. சுழலும் வேகம் அதைத் தொடும்போதெல்லாம் கம்பம் மொத்தமும் சேர்ந்து ‘ம்ம்ம்’ என்று இரையும். சீரான காற்றாக இருந்தால் அந்த வேகத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடும். மாடிக் காற்றோ ஏறி இறங்கும் காற்று. அதனால் இரவெல்லாம் அந்த வேகத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. அடித்தட்டில் ரப்பர் வைத்துப் பார்த்தோம், கொஞ்சம் குறைந்தது. கீழே படுத்திருந்த என் அம்மா அறையை மாற்றிக்கொண்டார்.

இங்கிலாந்தில் 2007, 2008 ஆண்டுகளில் வார்விக் காற்றுச் சோதனை என்ற பெயரில், கட்டடங்களில் பொருத்திய 26 சிறு காற்றாடிகளை நீண்ட காலம் அளந்து பார்த்தார்கள். மோசமான இடங்களில் இருந்தவை தந்த மின்சாரத்தைவிட அவற்றின் மின்னணுச் சாதனங்கள் இழுத்துக்கொண்டது அதிகம். உயர்ந்த அடுக்குமாடிகளின் உச்சியில் இருந்தவைதான் நன்றாக ஓடின. ஆனால் சத்தத்தைப் பற்றிக் குடியிருந்தவர்கள் புகார் செய்ததால் அவற்றைப் பெரும்பாலான நாட்கள் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. இத்தனை காலம் கழித்தும் மொட்டை மாடிப் படத்தைக் காட்டி விற்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தோட்டத்துக்கு மாற்றியபோது வெல்டிங் பட்டறைக்காரர் ஒன்று சொன்னார்: “அண்ணாச்சி, காத்தாடிக்குக் குடுத்த துட்ட விடக் கம்பத்துக்கு அதிகமாக் குடுங்க. இல்லன்னா ரெண்டும் வீண்.” அவர் சொன்னபடியே ஆனது. 15 மீட்டர் இரும்புக் கம்பம், நான்கு பக்கமும் ஸ்டே வயர், ஒவ்வொன்றுக்கும் கான்கிரீட் குழி, சாய்த்து இறக்கிப் பழுது பார்க்க அடியில் கீல், இழுக்கச் செயின் பிளாக். எல்லாம் சேர்ந்து காற்றாடியின் விலையைத் தாண்டிவிட்டது. மேற்கே மலை வரைக்கும் வயலும் பனையும்தான். பெரிய காற்றாலைகள் நிற்கும் அதே வெளி.

அங்கே அது வேறு இயந்திரமாகிவிட்டது. காற்றாடி மேற்கே பார்த்து நின்றது நின்றபடி நின்றது. திறந்த வெளியில் உயரம் இரட்டித்தால் காற்றின் வேகம் சுமார் 10 சதவீதம் கூடும். மும்மடிப் பெருக்கத்தில் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மின்சாரம். ஆனால் எண்ணைவிட முக்கியம், காற்று சுத்தமாக இருக்கிறது. ஆடியில் சாரல் இறங்கி வானம் நாட்கணக்கில் மூடிக் கிடக்கும்போது, தோட்டத்து சோலார் பேனல்கள் பகலில் பேட்டரியைப் பாதிகூட நிரப்புவதில்லை. அந்த நாட்களில்தான் காற்றாடி இரவெல்லாம் ஓடுகிறது. விடிவதற்குள் மூன்று யூனிட் ஏறியிருந்த இரவுகள் உண்டு. சூரியன் விட்ட இடத்தை இவ்வளவு சரியாகக் காற்று வந்து நிரப்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த இயந்திரத்தின் மேல் எனக்கு உண்மையான அன்பு வந்தது அப்போதுதான். புரட்டாசி பிறந்ததும் காற்று ஓய்ந்துவிட்டது. காற்றாடி கம்பத்தின் உச்சியில் சும்மா நின்ற நாட்களே அதிகம்.

இன்னொன்றை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சோலார் பேனலின் வயரைக் கழற்றிவிட்டால் அது பாட்டுக்கு வெயிலில் கிடக்கும். காற்றாடியை அப்படி விட முடியாது. பேட்டரி நிறைந்தாலோ வயர் தளர்ந்தாலோ பளு இல்லாமல் வேகம் ஏறிக்கொண்டே போய் இறக்கை முறியும். அதனால் மிஞ்சும் கரண்டைச் சூடாக்கி வீணடிக்க ஒரு மின்தடைச் சுருள், ஜெனரேட்டரின் மூன்று வயரையும் ஒன்றாக இணைத்து நிறுத்த ஒரு பிரேக் சுவிட்ச் எல்லாம் வேண்டும். பிரேக்கைக் காற்று ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். கடுங்காற்றில் போட்டால் ஜெனரேட்டர் சுருளே கருகலாம். என் கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பணக் கணக்கு மொட்டை மாடிக்காரருக்குச் சாதகமாக இல்லை. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சோலார் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தருகிறது. அசையும் பாகம் இல்லை, சத்தம் இல்லை. 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் வீட்டு சோலாருக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். காற்றாடிக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. செங்குத்து அச்சில் சுழலும் ‘துலிப்’ வகைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பார்க்க அழகு, ஆனால் தாழ்வான காற்று அவற்றுக்கும் தாழ்வான காற்றுதான்.

ஸ்காட்லாந்தில் ஸ்கொராய்க் என்ற தீபகற்பம் இருக்கிறது. படகில் போக வேண்டும், இல்லையென்றால் நடந்து போக வேண்டும். மின்வாரியக் கம்பி அங்கே போகவில்லை. அங்கே வாழும் ஹியூ பிகாட் கையாலேயே காற்றாடி செய்யும் முறையை உலகம் முழுக்கக் கற்றுக்கொடுத்தவர். கடற்காற்று ஓயாத, குளிர்காலத்தில் வெயில் அதிகம் பார்க்காத, வேறு வழியில்லாத ஊர். அங்கே காற்றாடி பிழைத்ததற்குக் காரணம், ஊர்க்காரர்களாலேயே அதைப் பிரித்துப் பழுது பார்க்க முடிந்தது. நம் ஊரிலும் பேரிங் மாற்றத் தெரிந்த ஒரு லேத் பட்டறை பக்கத்தில் இல்லாமல் இதை வாங்காதீர்கள்.

பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம். அதில் 100 மீட்டர், 150 மீட்டர் உயரத்துக் காற்றின் அளவுகள் இருக்கின்றன. உங்கள் கம்பம் அதில் ஏழில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோதான். காற்றுமானி ஒன்றை நீங்கள் நினைக்கும் உயரத்திலேயே கட்டி, ஆடியில் மட்டுமல்லாமல் மாசியிலும் அளந்து பாருங்கள். ஆண்டுச் சராசரி நொடிக்கு 5 மீட்டருக்குக் குறைவென்றால் வாங்க வேண்டாம். ஈ.பி. லைன் வராத, மேற்கே திறந்து கிடக்கும் தோட்டம் உங்களுக்கு இருந்தால், சோலாருக்குத் துணையாக 15 மீட்டர்க் கம்பத்தில் வாங்குங்கள். மொட்டை மாடிக்கு என்றால், அந்தப் பணத்துக்குக் கூடுதலாகப் பேனல் போட்டுக்கொள்ளுங்கள்.