எதிராளி இல்லாத சிலம்பம்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏதாவதொரு ஊர்ப் பள்ளி மைதானத்தில் சிலம்ப ‘உலக சாதனை’ நடக்கிறது. பானைமேல் நின்று சுற்றுகிறார்கள், ஆணிப் பலகையில் நின்று சுற்றுகிறார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டும் ஸ்கேட்டிங் செய்துகொண்டும் சுற்றுகிறார்கள். எதற்கு என்று கேட்டால், விளம்பரம் இல்லாவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள், கலை அழிந்துவிடும் என்கிறார்கள் ஆசான்கள்.

பாதி உண்மைதான். இப்போது பெண் பிள்ளைகளும் கம்பெடுக்க வருகிறார்கள். அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. ஆசானும் வீட்டு வாடகை கொடுத்தாக வேண்டும். வெற்றிலை பாக்குத் தட்சணையில் குடும்பம் நடக்காது. கட்டணம் வாங்கட்டும், பேனர் வைக்கட்டும்.

அந்தப் பேனருக்காகப் பாடத்தையே மாற்றுவதுதான் பொறுக்கவில்லை. வீச்சு, அதாவது தனியாகக் கம்பு சுற்றுவது, கைப்பழக்கத்துக்கான தொடக்கம்தான். அதன்பிறகு காலடி, அடிவரிசை, தடுப்பு, ஜோடியாக நின்று பொருதுவது என்று போக வேண்டும். நெற்றி உயரக் கம்பை ஒருவர் ஓங்கி இறக்க, மற்றவர் ஏந்தித் தடுக்கும்போது அதிர்வு மணிக்கட்டில் ஏறி முழங்கைவரை போகும். பிடி தளர்ந்தால் கம்பு கையைவிட்டுப் பறக்கும். எதிரில் நிற்பவரின் தோளைப் பார்த்து அடி எங்கே வரும் என்று கணிக்கவும், அரை அடி விலகி நிற்கவும் அந்த வலிதான் கற்றுத்தரும். காற்று திருப்பி அடிக்காது. மூன்று மணி நேரம் காற்றில் கம்பு சுற்றிய பிள்ளைக்குத் தன்மேல் இறங்கும் ஒரே ஓர் அடியைத் தடுக்கத் தெரியாது.

ஆசான்களுக்கு இது தெரியாததல்ல. பொருதலை ஒவ்வொரு ஜோடியாக நிறுத்தித்தான் சொல்லிக்கொடுக்க முடியும்; ஆண்டுக்கணக்கில் ஆகும்; விரலில் அடிபட்டால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். வீச்சென்றால் 200 பேரை வரிசையில் நிறுத்தி ஒரே விசிலில் முடித்துவிடலாம். தலைக்கு இவ்வளவு என்று நுழைவுப் பணம். பதக்கம், சான்றிதழ், ஃபோட்டோ. சான்றிதழ் தருவது பெரும்பாலும் ஏதோ ஒரு தனியார் சாதனைப் புத்தக நிறுவனம். பானையை எடுத்துவிட்டுச் செங்கல்லை வைத்தால் அவர்களுக்கு அது இன்னொரு சாதனை!

ஜப்பானியக் கலைகளும் இப்படித்தானே வளர்ந்தன என்று வாதிடுவோர் உண்டு. 1930களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த கவாயிஷி, மாணவர்களைத் தக்கவைக்க உதவும் வண்ணப் பட்டைகளைப் பரப்பினார் என்பது சரி. ஆனால் இடுப்பில் எந்த நிறம் இருந்தாலும் ஜூடோ மாணவர் இன்னொரு ஆளைப் பிடித்து எறிந்தே கற்றார், எறியப்பட்டும் கற்றார். பட்டை வந்ததால் எதிராளி போய்விடவில்லை.

இன்னொன்று. அந்தச் சாதனைத் தாள் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. அங்கே கேட்பது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் பெற்ற இடத்தை. பெற்றோரே, பணம் கட்டுமுன் ஒருநாள் மாலை வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். மூத்த மாணவர்கள்கூட ஜோடியாகக் கம்பு மோதாத வகுப்பென்றால், பிள்ளையை வேறிடத்தில் சேர்த்துவிடுங்கள்.