பேசாப் படங்களிற் காதல்

காதற் படம் என்றதும் முகஞ்சுளிக்கும் முற்போக்கு நண்பர்கள் நம்மிடையே உளர். காதல் என்பது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு என்பது அவர்கள் முடிபு. மறுபுறத்தில், பழைய ஊமைப்படங்களின் நிலவொளியிலும் நீண்ட பார்வைகளிலும் சொக்கிப்போய், அவற்றைக் கேள்விக்கு அப்பாற்பட்டனவாகக் கருதும் இரசிகரும் உளர். இருசாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். காதலை வாழ்க்கையினின்றும் பிரித்தெடுத்துவிட்டே முன்னவர் அதனை வெறுக்கின்றனர், பின்னவர் போற்றுகின்றனர். இக்காதலர் யாருக்காக உழைத்தனர், எங்கே உறங்கினர், அவர்தம் உறவைக் குலைக்க வந்தது எது என்று எவரும் கேட்பதில்லை. இவ்வினாக்களோடு ஹொலிவூட்டின் பேசாப் படங்கள் சிலவற்றை நோக்குவோம்.

1921இல் வெளிவந்த ‘ஷேக்’ என்னும் படம் ருடோல்ப் வலன்ரினோவை உலகறிந்த காதல் நாயகனாக்கியது. அராபியத் தலைவனொருவன் ஆங்கிலச் சீமாட்டி ஒருத்தியைப் பாலைவனத்திற் கவர்ந்து செல்கிறான். சிறைப்பட்டவள் நாளடைவில் அவனையே விரும்புகிறாள். பெண்ணின் விருப்பத்தை மீறுவதே வீரம் எனக் காட்டியது முதற் குற்றம். அதனினும் பெரிய குற்றம் முடிவில் உள்ளது. அவன் அராபியனே அல்லன். ஆங்கிலத் தந்தைக்கும் ஸ்பானியத் தாய்க்கும் பிறந்தவன் என்ற உண்மை வெளியாகிறது. வெள்ளைப் பெண்ணொருத்தி அராபியனை விரும்பக்கூடும் என்ற ஆசையைக் காட்டிக் காசு சேர்த்தவர்கள், அந்த ஆசை நிறைவேறும் வேளையில் நிறவெறிக்கு அஞ்சி அவன் பிறப்பையே மாற்றிவிட்டனர். இதனைக் காதல் என்பதிலும் ஏகாதிபத்தியத்தின் பகற்கனவு என்பதே பொருந்தும்.

இதற்கு நேர்மாறானவை 1928இல் வந்த இரு படங்கள். ஹங்கேரியரான போல் பெயோஸ் நெறிப்படுத்திய ‘லோன்சம்’ படத்தின் நாயகன் இயந்திரத் தொழிலாளி. நாயகி தொலைபேசி இணைப்பகத்திற் பணிபுரிபவள். நாளெல்லாம் பிறர் குரல்களை இணைத்துவைக்கும் அவளுக்குத் தன்னோடு பேச ஒருவருமில்லை. அரைநாள் விடுமுறையில் கோனி ஐலண்ட் கடற்கரையிற் சந்திக்கும் இருவரும் சனநெருக்கடியில் ஒருவரையொருவர் இழந்துவிடுகின்றனர். ஈற்றிலேதான் தெரிகிறது, இருவரும் ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் வாழ்பவர்கள் என்பது. மனிதரை அருகருகே அடுக்கிவைத்து அந்நியராக்கும் பெருநகரின் இயல்பை இதனினும் எளிமையாகக் கூறுதல் அரிது. காட்சிகள் சிலவற்றிற் பின்னர் புகுத்தப்பட்ட பேச்சுக்கள் மட்டும் ஒட்டாமல் நிற்கின்றன.

கிங் விடோரின் ‘த கிரௌட்’ இன்னும் ஆழமானது. கமரா வானளாவிய கட்டடமொன்றின்மீது ஏறி, சாளரத்தினூடே நுழைந்து, வரிசை வரிசையான மேசைகளுக்கிடையே ஓர் எழுதுவினைஞனைக் கண்டுபிடிக்கிறது. தான் பெரிய மனிதனாவேன் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவன் அவன். பிற படங்கள் திருமணத்தோடு முடியுமிடத்தில் இப்படம் தொடங்குகிறது எனலாம். சிறு வீடு, குறைந்த சம்பளம், குழந்தையின் மரணம், வேலையிழப்பு ஆகியன தம்பதியரின் அன்பை மெல்ல மெல்ல அரிக்கின்றன. அவனை வீழ்த்தியது விதியன்று. முயன்றவன் எவனும் முன்னேறுவான் என்ற முதலாளித்துவத்தின் பொய்யே. இறுதியில் நாடகக் கொட்டகையொன்றிற் சிரிக்கும் கூட்டத்தினுள் அத்தம்பதியர் கரைந்துவிடுகின்றனர். அது ஆறுதலா, தோல்வியா? இரண்டுமே என்பது நமது கருத்து.

ஜெர்மானிய மேதையான முர்னோ 1927இல் அமெரிக்காவிற் படைத்த ‘சன்றைஸ்’ பேசாப் படங்களின் சிகரமாகப் போற்றப்படுவது. இதன் பாத்திரங்களுக்குப் பெயரில்லை. கணவன், மனைவி, நகரத்துப் பெண் என்றே அழைக்கப்படுவர். தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டாத நம் அகத்திணை மரபு நினைவுக்கு வருகிறது. மனைவியை ஏரியில் மூழ்கடிக்கத் துணிந்த உழவன் இறுதிக் கணத்தில் மனந்திருந்துகிறான். அஞ்சியோடும் அவளும் அவளைத் தொடரும் அவனும் ஏறிய ட்ராம் வண்டி, காட்டினூடாக நகரை அடையும் காட்சியில் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. ஆயினும் புகழ்ச்சியோடு நாம் நின்றுவிடலாகாது. கிராமம் தூயது, நகரம் தீயது, தீமை நாகரிகப் பெண்ணின் உருவில் வருவது என்ற பழைய வாய்பாட்டை முர்னோவும் மீறவில்லை. கொல்ல வந்தவனை மன்னிக்கும் பொறுமை மனைவிக்கே விதிக்கப்படுகிறது. ஒளியும் நிழலும் எத்துணை அழகாயினும், இவ்வநீதி அழகினால் நீதியாகிவிடாது.

1931இல், பேசும் படம் வேரூன்றிவிட்ட காலத்தில், உரையாடலின்றியே சாப்ளின் அளித்தது ‘சிற்றி லைட்ஸ்’. பார்வையற்ற பூக்காரி, கார்க் கதவின் ஓசையைக் கேட்டு, நாடோடியைச் செல்வன் என்று எண்ணிவிடுகிறாள். இன்னொருபுறம், மதுவெறியில் அவனைத் தழுவிக்கொள்ளும் கோடீசுவரன், வெறி தெளிந்ததும் அவனை அறியாதவனாகிறான். ஏழையின் நட்பைச் செல்வர் நிதானத்தில் ஏற்பதில்லை! பார்வை பெற்ற பூக்காரி, சிறைமீண்டு கந்தலோடு நிற்கும் தன் உபகாரியைக் கண்டு முதலிற் சிரிக்கிறாள். பின்னர், பூவும் காசும் கொடுக்கையில், அவன் கையின் தொடுகை அவளுக்கு உண்மையை உணர்த்துகிறது. கண் காட்டாததைக் கை காட்டுகிறது. அவள் காதலித்தது இம்மனிதனையா, கார்க் கதவின் ஓசையையா? விடை கூறாமலே படம் முடிகிறது. வர்க்க சமுதாயத்திற் காதல் எதிர்நோக்கும் கேள்வியை இத்துணை மென்மையாகவும் இரக்கமின்றியும் எழுப்பிய படம் பிறிதொன்றை நாம் அறியோம்.

இப்படங்கள் நமக்குக் கிட்டியமையே பேறு. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான 10,919 முழுநீள ஊமைப்படங்களில் ஏறத்தாழ 14 வீதமே மூல வடிவில் எஞ்சியுள்ளன என, அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. முர்னோவின் ‘ஃபோர் டெவில்ஸ்’ கூட இன்றில்லை. வருவாய் தீர்ந்ததும் கலையைக் குப்பையாகக் கருதிய வணிகத்தின் கணக்கு இது.

ஆகவே வாசகர் இவற்றைத் தேடிப் பார்த்தல் வேண்டும். ‘சிற்றி லைட்ஸ்’ படத்திலிருந்து தொடங்கி, ‘லோன்சம்’, ‘த கிரௌட்’, ‘சன்றைஸ்’ எனச் செல்லலாம்; இறுதியாக ‘ஷேக்’ படத்தையும் பார்க்கலாம், எது போலி என அறிதற்கு. உழைப்பவனுக்கு ரொட்டி மட்டும் போதும் என எண்ணும் நண்பர்களும் உடன் அமர்ந்து பார்க்கட்டும். அன்பு செலுத்தவும் செலுத்தப்படவும் ஓய்வும் இடமும் வேண்டுமென்பதும் உழைப்பவனின் கோரிக்கையே. அதனைத் தொலைபேசி இணைப்பகத்துப் பெண்ணும் மேசை வரிசையிலிருந்த எழுதுவினைஞனும் ஒரு சொல்லும் பேசாமலே நமக்கு உணர்த்திவிட்டனர்.