அழிவில் விடுதலை உண்டா?

தனக்கு நன்மை தருவது இன்னதென்று தெளிந்தால் மனிதன் அதனையே நாடுவான் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பகுத்தறிவாளர் பலரின் நம்பிக்கை. செர்னிஷெவ்ஸ்கி 1863இல் வெளியிட்ட ‘என்ன செய்ய வேண்டும்?’ என்னும் இரசிய நாவல் அந்நம்பிக்கையின்மீது எழுந்தது. அதற்கு மறுப்பாக அடுத்த ஆண்டே வந்தது தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘நிலவறைக் குறிப்புகள்’.

இதன் நாயகன் பெயரற்றவன், நாற்பது வயதினன். ஈரலில் நோய் என்று கருதியும் மருத்துவரை நாடான். இரண்டும் இரண்டும் நான்கு என்னும் கணக்குக்குள் அடங்கிவிட்டால் மனிதன் பிறர் விரல் பட்டு ஒலிக்கும் பியானோக் கட்டையாகிவிடுவான். ஆகவே கேட்டையும் தெரிந்தே விரும்பும் உரிமை வேண்டும் என்பது அவன் வாதம். வாதம் வலியதே. அளந்து ஊட்டப்படும் இன்பத்தால் மனித உள்ளம் நிறைவதில்லை.

ஆயினும் அவ்வாதத்தை ஆசிரியர் கதையால் சோதிக்கிறார். அலுவலை உதறி அவன் நிலவறையில் ஒதுங்க முடிந்தது, உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற 6000 ரூபிளால். மேலும், தன்னை நம்பி வந்த லீசா என்னும் விலைமகளின் கையில் பணத்தைத் திணித்து அவளை இழிவுபடுத்துகிறான். அவளோ அந்த ஐந்து ரூபிள் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வெளியேறுகிறாள். விடுதலையைப் பற்றி ஓயாது பேசியவன் அவன். அதனைச் செயலிற் காட்டியவள் அவள்.

1871–72இல் வெளிவந்த ‘பேய் பிடித்தவர்கள்’ நாவலில் இச்சோதனை இன்னும் கடுமையாகிறது. தன்னிச்சையை நிலைநாட்டவே உயிர்விடத் துணியும் கிரில்லோவ், இறுதியில் பிறர் செய்த கொலையைத் தன்மேல் ஏற்று எழுதிக் கையொப்பமிடுகிறான். தனக்கே உரியதென்று கருதிய சாவும் சூழ்ச்சிக்காரன் ஒருவனுக்குக் கருவியாகிறது.

மலேசியத் தமிழ் மாணவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. மலாயாத் தோட்டப்புறத்துப் பாட்டாளி தன் விருப்பப்படி குடிப்பதாகவே எண்ணினான். அவன் குடித்த கள்ளுக்கடையோ தோட்டத்தின் ஏற்பாட்டிலேயே நடந்தது. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் அக்கடைகளை எதிர்த்து எழுந்தபோது, அவர்கள் பாட்டாளியின் இன்பத்தைப் பறிக்கவில்லை. பிறர் விரித்த வலையையே அறுக்க முயன்றனர்.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை ஓர் அதிகாரமாக வகுத்து அறம் உரைத்தார். தாஸ்தாயெவ்ஸ்கியோ அறிவுரையால் மட்டும் மனிதன் திருந்தான் என்று கண்டு, அவன் வீம்பின் வேரைத் தோண்டிக் காட்டினார். இரண்டும் வகுப்பறைக்குத் தேவை. தன்னை அழித்துக்கொள்ளும் பாத்திரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், ‘இவன் செய்தது சரியா?’ என்பதோடு நின்றுவிடலாகாது. ‘இவ்வழிவு யாருக்குப் பயன்பட்டது?’ என்றும் வினவவேண்டும். அவ்வினாவிலேதான் விடுதலைக்கும் வீம்புக்கும் உள்ள வேறுபாடு புலப்படும்.